பஸ் ஸ்டாண்டுக் கல்

பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போகிறவர்களுக்கும் அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிறவர்களுக்கும் நடுவழியில் எங்கள் ஊர்தான். என் வயதை ஒத்தவர்களில் பாதிப் பேராவது செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு டீ குடித்திருப்பீர்கள். குடித்திருந்தால் அந்தக் கல்லையும் பார்த்திருப்பீர்கள். பஸ் வெளியே திரும்புகிற மூலையில், டீக்கடையை ஒட்டி, ஆள் உயரத்துக்கு நிற்கும். பார்த்திருப்பீர்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அதில் சாய்ந்து நின்றிருப்பீர்கள். அதன் காலடியில் பையை வைத்துவிட்டு பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்திருப்பீர்கள். தப்பில்லை. எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் மலையையும் கோட்டையையும் பார்க்கத்தான் கழுத்தை நீட்டுவார்கள். பஸ் ஸ்டாண்டில் நிற்கிற கல்லை யார் பார்க்கிறார்கள்?

சண்டையில் செத்துப்போன எங்கள் ஊர்ச் சிப்பாய்களுக்காக வைத்த கல் அது. எண்பதுகளின் நடுவில் வைத்தார்கள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. ஆடியில் பேச்சு எழுந்து, மாசியில் ஓய்ந்தது. அந்த இடைப்பட்ட காலத்தில் அந்தக் கல் எங்கள் வீட்டைப் படுத்திய பாடு கொஞ்சம் இல்லை.

எங்கள் வீட்டில் நைனா, அம்மா, நான், சித்தி. சித்தி என்றால் நைனாவின் தம்பி பெண்டாட்டி. சித்தப்பா பட்டாளத்தில் நாயக்காக இருந்தார், சிப்பாய்க்கு இரண்டு படி மேல். நான் அவரைப் பார்த்ததில்லை. எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு நடந்த சண்டையில், மேற்கு எல்லையில் எங்கோ அவர் காணாமல் போனபோது நான் பிறக்கவே இல்லை. செத்துவிட்டார் என்று தந்தி வரவில்லை. காணவில்லை என்றுதான் வந்தது. கல்யாணம் ஆன பிறகு இரண்டு லீவுக்கு வந்தவர் மூன்றாவது லீவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். பிள்ளை கிடையாது. சிங்கவரத்திலிருந்து பிறந்த வீட்டார் வந்து கூப்பிட்டும் சித்தி போகவில்லை. பின்கட்டில் ஒரு தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு, தெருவில் பாதிப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

சித்தியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வாசனைதான். மிஷின் எண்ணெயும் கனகாம்பரத்தோடு சேர்த்துக் கட்டிய மருக்கொழுந்தும் கலந்த வாசனை. தலையில் பூ இல்லாமல் அவள் வாசலுக்கு வந்து நான் பார்த்ததில்லை. நெற்றியில் குங்குமம் நாலு வீடு தள்ளி இருந்தாலும் தெரியும். வாயும் அப்படித்தான், நாலு வீட்டுக்குக் கேட்கும். ஜாக்கெட் அளவு சரியில்லை என்று வருகிறவர்களிடம், ஜாக்கெட் அளவு சரியாகத்தான் இருக்கிறது, நீ தின்ற பலாப்பழத்துக்கு நான் பொறுப்பில்லை என்பாள்.

அவள் மிஷினுக்குப் பக்கத்தில் சித்தப்பாவின் டிரங்குப் பெட்டி இருந்தது. பச்சைப் பெயிண்ட் அடித்து, வெள்ளையில் அவர் பெயரும் நம்பரும் எழுதியது. திறந்தால் அந்துருண்டை நெடி மூக்கில் ஏறும். ஒரு கம்பளி, ஒரு மப்ளர், எனாமல் குவளை, தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர். அந்த டிரான்சிஸ்டரில்தான் சண்டைச் செய்தி கேட்டாளாம். எனக்கு நினைவு தெரிந்து அது பாடியதில்லை. பேட்டரி போட்டால் பாடும் என்பாள், போட மாட்டாள். இப்போது அந்தப் பெட்டி யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை. வீடு பாகம் பிரித்தபோது எங்கோ போய்விட்டது.

ஊருக்கு சித்தியைப் பற்றி இரண்டு கருத்து இருந்தது. பெரும்பாலானவர்கள், பாவம், இன்னும் வருவான் வருவான் என்று வழி பார்த்துக்கொண்டு இருக்கிறாள், அவள் மனதை யாரும் கலைக்கக் கூடாது என்பார்கள். அவளிடம் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், காய்ச்சல்காரரிடம் பேசுவது மாதிரி. கொஞ்சம் பேர், பென்ஷனை மட்டும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறாளே, செத்தான் என்று சொல்லித்தானே சர்க்கார் பென்ஷன் கொடுக்கிறது, அப்புறம் பொட்டு எதற்கு என்பார்கள். இரண்டாவது கூட்டம் முதல் கூட்டத்தின் முகத்துக்கு எதிரே அதைச் சொல்லாது. நானும் முதல் கூட்டத்தில்தான் இருந்தேன். வாசலில் புதிதாக யாராவது நின்றால், சித்தப்பாவோ என்று ஓடிப் போய்ப் பார்ப்பேன்.

அந்த ஆடியில் சுபேதார் வந்தார். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்று, ஊரோடு வந்து தங்கியவர். நடு முதுகு வளையாமல் நடப்பார். தெருநாய்கூட அவருக்கு ஒதுங்கி வழி விடும். அவருக்கு ஒரு பிடிவாதம். கோட்டையில் சண்டை போட்டுச் செத்த ராஜாவுக்கும் அவர் குதிரைக்கும் ஊர் முழுக்கக் கதை இருக்கிறது, நம் காலத்தில் செத்தவனுக்கு ஒரு கல்கூட இல்லையே என்று. பெரிய வாத்தியாரைச் சேர்த்துக்கொண்டார், டீக்கடை பாயைச் சேர்த்துக்கொண்டார். பாயின் தாத்தா வெள்ளைக்காரன் காலத்துச் சண்டைக்குக் கப்பலேறிப் போனவர். அவரைப் புதைத்த கபர் எங்கே இருக்கிறது என்றே குடும்பத்துக்குத் தெரியாது. அவர் பெயர் முதலில். அடுத்தது, சீனாச் சண்டையில் பனியில் செத்துப்போன சிங்கவரத்துக்காரர். மூன்றாவது பெயர் சித்தப்பாவுடையது.

நைனா சரி என்றுவிட்டார். யோசிக்கவே இல்லை. தம்பி பெயர் கல்லில் ஏறுகிறது, பஸ் ஸ்டாண்டில், வருகிறவன் போகிறவன் எல்லாம் படிப்பான். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது ஒரு கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கண்ணீர் சோற்றில் விழுந்தது. நைனா அழுது நான் பார்த்தது அப்போதுதான். சித்தியைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. சந்தோஷமான விஷயத்துக்கு யாராவது அனுமதி கேட்பார்களா என்பது அவர் நினைப்பு.

பெண்களுக்கு அது வேறு மாதிரி கேட்டது. அம்மாவின் முகம் அன்றே செத்துவிட்டது. எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கருமாதி என்றால் எங்களுக்குக் கல் நட வேண்டும். ஏரிக்கரையிலோ ஆற்றோரத்திலோ ஒரு கல்லை நட்டு, அதையே போனவராக வைத்து, எண்ணெய் சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டி, கோடித் துணி சாத்தி, அவருக்குப் பிடித்ததை ஆக்கிப் படைப்பார்கள். அந்தக் கல் நின்றால்தான் போனவர் போனவர். கல் நின்றதும் பெண்டாட்டியின் பூவும் பொட்டும் வளையலும் தாலியும் போய்விடும். சித்தப்பாவுக்குக் கல் நடவே இல்லை. காணாமல் போனவனுக்கு எப்படி நடுவது? அதனால்தான் சித்தியின் நெற்றியும் கழுத்தும் யார் கையும் படாமல் தப்பித்திருந்தன. இப்போது சுபேதார் ஆள் உயரத்துக்கு ஒன்றை, பெயரோடு, ஊருக்கு நடுவில் நடப்போகிறார்.

ஆவணியில் அதன் ருசி தெரிந்தது. எதிர்வீட்டில் ஒரு கல்யாணம். கல்யாணப் பெண்ணுக்கு ஜாக்கெட் தைத்ததே சித்திதான். நலங்கு வைக்க எப்போதும் அவளைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். கைராசிக்காரி என்று பெயர். அன்றும் மஞ்சளும் சந்தனமும் கரைத்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு முன்னால் போனாள். பெண்ணின் அம்மா சிரித்துக்கொண்டே வந்து, நீ உட்காருக்கா, களைச்சிப் போயிருப்ப என்று கிண்ணத்தை வாங்கி, பின்னால் நின்ற வேறு ஒருத்தி கையில் கொடுத்துவிட்டாள். அவ்வளவு நாசூக்காகச் செய்தாள். சித்தியும் உட்கார்ந்தாள். பந்தியில் என் பக்கத்தில் இருந்து சாப்பிட்டாள், பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். வீட்டுக்கு வந்து, கையோடு கொண்டுவந்த தாம்பூலப் பையைப் பிரித்து எனக்குத் தேங்காய் கீறிக் கொடுத்தாள். கல்லில் இன்னும் ஓர் எழுத்துகூட வெட்டவில்லை. கல்லே இன்னும் வாங்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் அந்த வாரம் பெரிய வாத்தியார் கோட்டைக் கதை சொன்னார். ராஜா போரில் விழுந்ததும் ராணி தீயில் இறங்கிய கதை. எங்கள் ஊரில் வாத்தியார் வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் சொல்லியே ஆக வேண்டிய கதை அது. நான் வீட்டுக்கு வந்து சித்தியிடம் அழுதுகொண்டே ஒப்பித்தேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, எறங்குனது சரி, எறங்குன்னு சொன்னது யாருன்னு உங்க வாத்தியார கேளு என்றாள். நான் கேட்கவில்லை. அடி விழும் என்று பயம்.

ஐப்பசி மழை விட்டதும் கமிட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. சுபேதார், வாத்தியார், பாய். கூடத்தில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்தார்கள். அம்மா காபி கொடுத்தாள். வசூல் மெதுவாகத்தான் நடக்கிறது, குடியரசு தினத்துக்குள் கல்லுக்கு வழி பண்ண வேண்டும், பெயர்களை எந்த வரிசையில் வெட்டுவது என்று பேச்சு போனது. நைனா எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். சித்தி சமையலறை நிலைக்கு வெளியே வந்து நின்றாள். ஆண்கள் கூடியிருக்கும் கூடத்துக்கு அவள் அப்படி வருவது வழக்கமில்லை. பேச்சு நின்றது.

"மாமா, அவர் பேரு அதுல வேணாம்" என்றாள் நைனாவிடம்.

நைனாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு, அவளைச் சமாதானப்படுத்துகிற குரலில், "இது கருமாதிக் கல்லு இல்லம்மா. கெவுரவத்துக்கு வைக்கிறது" என்றார்.

"கல்லுக்கு அது தெரியும் மாமா. ஊருக்குத் தெரியணுமில்ல. எதிர்வீட்டுக் கல்யாணத்துல பாத்தேனே."

நைனா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். எதிர்வீட்டில் நடந்தது அவருக்கு அதுவரை தெரியாது. வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தியாகம், நாடு என்று இரண்டு வார்த்தை வந்தது. சுபேதார் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். பிறகு சித்தியைப் பார்த்துப் பேசினார். தன்னோடு இருந்தவர்களைத் தன் கையாலேயே பனிக்குள் வைத்து மூடிவிட்டு வந்திருக்கிறாராம். அடுத்த வருஷம் போனால் இடமே தெரியவில்லையாம். அவர்கள் ஊர்களில் அவர்களை நினைக்க இரண்டு தலைமுறை இருக்கும், அப்புறம் அந்தப் பெயரைச் சொல்ல ஆளே இருக்காது. உன் வீட்டுக்காரனுக்குப் பிள்ளையும் இல்லை என்று சொல்ல வந்தவர் பாதியில் விழுங்கிக்கொண்டார். கடைசியில், "பேரு போயிடும்மா. அதான் எனக்கு" என்றார்.

அந்த மனிதரை எனக்கு அதுவரை பிடிக்காது. அன்று அவர் கண்ணைப் பார்த்தபோது, சித்தி தோற்றுவிடுவாள் என்று பயமாக இருந்தது. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தால் குழந்தைகளுக்குத்தான் கஷ்டம். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாது.

சித்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு கல் வாங்கியாகிவிட்டதா என்று கேட்டாள். இல்லை என்றார் பாய். அவள் எல்லோரையும் பின்பக்கம் வரச் சொன்னாள். கிணற்றடியில் துணி துவைக்கிற பலகைக்கல் கிடந்தது. சித்தப்பா கடைசி லீவில் வந்தபோது, பின்கட்டைத் தனி வீடாகக் கட்டி வாசற்படியாகப் போட வேண்டும் என்று மலையடிவாரத்தில் சொல்லி வெட்டி, மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்த கல். வீடு கட்டவில்லை. கல் கிணற்றடியில் படுத்துவிட்டது. நான் பிறந்ததிலிருந்து என் பாவாடை எல்லாம் அதில்தான் வெளுத்தது.

"இந்தக் கல்ல எடுத்துக்குங்க. அவரு வாங்குனது" என்றாள் சித்தி. "மேல ரெண்டு பேரு பேர வெட்டுங்க. அடியில கல் உபயம்னு போட்டு அவர் பேரப் போடுங்க. நாயக்குன்னு சேத்துப் போடுங்க. கோயில்ல லைட்டு குடுத்தவன், பள்ளிக்கூடத்துல பெஞ்சு குடுத்தவன், எல்லாரு பேரும் இருக்குதில்ல. அவங்கல்லாம் செத்தா போயிட்டாங்க?"

கிணற்றில் வாளி ஆடி உரசுகிற சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் டியூப்லைட் வாங்கிக் கொடுத்தால் வெளிச்சம் மறைகிற அளவுக்கு அதன் மேல் பெயர் எழுதுவார்கள். மின்விசிறி கொடுத்தால் மூன்று இறக்கையிலும் எழுதுவார்கள். உபயதாரர் என்றால் நன்றாக வாழ்கிறவர் என்று அர்த்தம். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எல்லோரும் வளர்ந்தோம். ஆனால் அவளுக்குத்தான் தோன்றியது.

வாத்தியார், போரில் போனவர்களின் கல்லில் உபயம் என்று போடுவது மரபா என்று இழுத்தார். சுபேதார் குனிந்து கல்லைத் தடவிப் பார்த்தார். ரொம்ப நேரம் தடவினார்.

"பேரு இருந்தா போதும்மா. எந்த வரியில இருந்தா இன்னா" என்றார்.

நைனா அப்படியே கிணற்று மேடையில் உட்கார்ந்துவிட்டார். அன்று சாயங்காலம் அம்மாவிடம், அவ இன்னும் நம்பிக்கினு இருக்குறா, நாமதான் மறந்துட்டோம் என்று சொன்னது எனக்குக் கேட்டது. ஊரும் அதையேதான் சொன்னது. நம்பிக்கை விடாதவள் என்று சித்திக்கு ஒரு மரியாதை கூடிப்போயிற்று. எதிர்வீட்டு அம்மா தானே வந்து, மூத்தவள் பிள்ளைக்குக் காது குத்துகிறோம், நீதான்கா முன்னால நிக்கணும் என்று கூப்பிட்டுவிட்டுப் போனாள். உபயதாரர் பெண்டாட்டி அல்லவா.

மார்கழியில் கல்தச்சர் வந்தார். எங்கள் வீட்டிலேயே வைத்துத்தான் வெட்டினார். கல்லைத் தூக்கி நிறுத்தியதும், பாலீஷ் வேலை எனக்கு மிச்சம் என்று சொல்லிச் சிரித்தார். இத்தனை வருஷமாகச் சோப்பும் துணியும் உரசி அந்தப் பக்கம் கண்ணாடியாக வழுவழுத்துக் கிடந்தது. அந்தப் பக்கத்திலேயே எழுத்து வெட்டினார். காலை வெயிலில் உளி விழுகிற சத்தத்தோடு நான் வாய்ப்பாடு படித்தேன். தண்ணீர் தெளித்து வெட்டும்போது கல்லிலிருந்து சவுக்காரம் மணத்தது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். மணத்தது. சித்தி மிஷினை நிறுத்திவிட்டு வந்து பார்க்கவே இல்லை. அடி வரி முடிந்த அன்று மட்டும் தச்சருக்கு மோரும் ஊறுகாயும் கொடுத்துவிட்டு, மெதுவாகக் கூட்டிப் பெருக்கினாள். உதிர்ந்த கல்தூளைக் குப்பையில் போடாமல் முருங்கை மரத்தடியில் கொட்டினாள்.

துணி துவைக்கக் கல் இல்லாமல் நாங்கள் பட்ட பாடு தனி. தரையில் அடித்துத் துவைத்து என் வெள்ளைச் சட்டை எல்லாம் செம்மண் நிறமாயிற்று. நைனா வேறு கல் கொண்டுவர ஒரு மாதம் ஆக்கினார்.

குடியரசு தினத்தன்று பள்ளிக்கூடமே பஸ் ஸ்டாண்டில் வரிசை கட்டி நின்றது. சுபேதார் கம்பளிக் கோட்டுப் போட்டு, நெஞ்சில் மெடல் குத்திக்கொண்டு வந்திருந்தார். வேர்த்து ஊற்றியது, துடைக்கவில்லை. தாசில்தார் வந்து துணியை விலக்கினார். பெயர்களைப் படித்தார். பாயின் தாத்தா பெயரைப் படித்தபோது கூட்டம் அமைதியாக இருந்தது. பாய் கண்ணை மூடிக் கையேந்தி நின்றார். சிங்கவரத்துக்காரர் பெயருக்கும் அதே அமைதி. பிறகு தாசில்தார் இந்தக் கல்லை உபயமாக வழங்கியவர் என்று சித்தப்பாவின் பெயரைப் படித்தார். கூட்டம் படபடவென்று கை தட்டியது. உபயதாரர் பெயர் படித்தால் தட்டுவதுதானே வழக்கம். நானும் தட்டினேன், உள்ளங்கை எரிய எரிய.

சித்தி பெண்கள் கூட்டத்தில் பட்டுப்புடவை கட்டி நின்றாள். எல்லோரும் தட்டி ஓய்கிற வரை அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் உயிரோடு இருந்த காலத்தில் அவர் பெயருக்கு யாராவது கை தட்டியிருப்பார்களா என்று இப்போது யோசிக்கிறேன். இருக்காது. நாயக்குக்கு யார் தட்டுகிறார்கள்? எங்களுக்கு ஆளுக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். விழா முடிந்தது.

மாசியில் ஒரு சனிக்கிழமை. வேர்க்கடலை பிடுங்குகிற நேரம், ஊர் முழுக்கப் பச்சைக்கடலை வேக வைத்த ஆவி. சித்தி கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். யார் வருகிறார்கள் என்று அம்மா கேட்டதற்கு, நாக்கு கேட்குது என்றாள். நைனா வயலுக்குப் போயிருந்தார். உச்சி வெயிலில் என்னைக் கூப்பிட்டு, என் கையில் ஒரு தூக்குவாளியைக் கொடுத்தாள். அவள் கையில் ஒரு துணிப்பை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்வரலாம், வா என்றாள்.

பஸ் ஸ்டாண்டு அந்த நேரத்தில் காய்ந்து கிடந்தது. திண்டிவனம் பஸ் ஒன்று டிரைவர் இல்லாமல் நின்றது. சித்தி கல்லுக்கு முன்னால் போய்ச் செருப்பைக் கழற்றினாள். பையிலிருந்து எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள். காகிதத்தில் மடித்த சீயக்காய்த் தூளை எடுத்தாள். அப்புறம் புதிதாக ஒரு துண்டு, முனையில் மஞ்சள் நனைத்தது. ஏரிக்கரையில் பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குச் செய்தபோது நான் மரத்தில் ஏறிப் பார்த்திருக்கிறேன். எனக்குப் புரிந்துவிட்டது.

டீக்கடை பாய் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, வெயில்ல வந்து கல்ல கழுவுற" என்றார்.

தூசியாகக் கிடக்குது பாய், கொஞ்சம் தண்ணி குடுங்க என்றாள். பாய் நல்ல மனிதர். பானைத் தண்ணீரை வாளியில் மொண்டுகொண்டு தானே வந்தார். என் தாத்தா பேரும் இருக்குதில்ல என்று சொல்லி, அவள் தேய்க்கத் தேய்க்க அவரே மேலிருந்து ஊற்றினார். கருமாதிக்கு ஊற்றுகிறோம் என்று தெரியாமலே ஊற்றினார். சித்தி கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அடி வரி அவ்வளவு தாழ்வில் இருந்தது. அந்த எழுத்துகளில் விரலை விட்டு எண்ணெய் வைத்தாள். சீயக்காய் வைத்துத் தேய்த்தாள். தேய்க்கும்போது அவள் தோள் குலுங்கியது. சத்தம் இல்லை. முகத்தைக் கல்லுக்குப் பக்கமாக வைத்திருந்ததால் பாய்க்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. நானும் அழுதேன். வாளி காலியானதும் பாய் கடைக்குப் போய்விட்டார்.

சித்தி துண்டால் கல்லை ஒற்றியெடுத்து, அதை அடியில் சுற்றிவிட்டாள். இலைத்துண்டு போட்டுச் சோறும் கோழிக் குழம்பும் அவித்த கடலையும் வைத்தாள். பஸ் ஸ்டாண்டுக் காக்கைகளைக் கூப்பிட வேண்டியதில்லை, தாமே வந்தன.

நான் மெதுவாகக் கேட்டேன், சித்தப்பா திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது என்று.

"வர மாட்டாருடி" என்றாள். "தந்தி வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும். ஊரு சொல்லி நான் அழுவக் கூடாதுன்னு இருந்தேன். இன்னிக்கு எனக்குத் தோணுச்சு, வந்தேன்."

அத்தனை வருஷமும் காய்ச்சல்காரரிடம் பேசுவது மாதிரி அவளிடம் குரலைத் தாழ்த்திப் பேசியவர்கள், நம்பிக்கினு இருக்குறா என்று சாகும்வரை சொன்ன நைனா, வாசலுக்கு ஓடி ஓடிப் பார்த்த நான், யாருமே அவளைச் சரியாகப் படிக்கவில்லை. அவளுக்கு ஏமாற ஒன்றும் இல்லை. அவருக்காக அழுகிற நாளை ஊர் குறிக்கக் கூடாது என்பதற்காகத்தான் அவ்வளவு காலம் காத்திருந்தாள். பெரியவளான பிறகும் நான் அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அவள் சொல்லாதே என்று சொல்லவும் இல்லை.

திரும்பும்போது பூக்காரியிடம் நின்றாள். வழக்கத்தைவிட நீளமாக, ஒரு முழம் கூடவே வாங்கினாள். வாங்கி என் கையில் கொடுத்து, வச்சி வுடு என்று திரும்பி நின்றாள். நான் பூவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏரிக்கரையில் அந்தத் தாத்தா பெண்டாட்டிக்கு என்ன செய்தார்கள் என்று நான் பார்த்திருந்தேனே. கருமாதி ஆயிட்டா பூ வைக்கலாமா சித்தி என்று கேட்டேன்.

"கருமாதி அவருக்குத்தாண்டி ஆச்சு. எனக்கா ஆச்சு?" என்று சொல்லி, எனக்கு எட்டுகிற மாதிரி குனிந்தாள்.

நான் வைத்துவிட்டேன்.